பச்சை முடிச்சுக்காரி

"கண்ணுக்குத் தெரியாது. அதனால காதால கேட்டுக்கோ."

உடைந்த மணியை ஒட்டித் திருப்பிக் கொடுக்கும்போது அவள் இதைச் சொல்லாமல் கொடுத்ததே இல்லை. கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று பறப்பவர்களாக இருந்தாலும் சரி, இடுப்பில் அழுகிற குழந்தையோடு நிற்பவர்களாக இருந்தாலும் சரி. மாலையை அவர்கள் உள்ளங்கையில் வைத்து, ஊசி முனையால் ஒரு மணியைத் தொட்டு, "இது ஒடைஞ்சது. நான் ஒட்டினது," என்பாள். அவர்கள் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாது. தெரியாதபடி ஒட்டுவதில் அவளை விட்டால் ஆரணியில் வேறு ஆள் கிடையாது. அப்படித் தெரியாமல் ஒட்டிவிட்டு அதை ஏன் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் அவளோடு பல தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

என் ரவிக்கைத் தையல் கடையும் அவளுடைய கடையும் பஜாரிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் பிளைவுட் தட்டி ஒன்றுதான். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். அவளுடையதைக் கடை என்று சொல்வதே அதிகம். ஒரு மேசை, ஒரு ஸ்டூல், கழுத்து வளைகிற விளக்கு, தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, பல் டாக்டரிடம் இருப்பது போல ஒரு சின்ன டிரில், பழைய டிபன் டப்பாக்களில் நிறம் நிறமாகக் கல்பொடி. பவழத்துக்குப் பவழப்பொடி, பச்சைக்கல்லுக்குப் பச்சைப்பொடி. பசையில் பொடியைக் குழைத்து, சில்லு போன இடத்தில் அப்பி, காய்ந்த பிறகு தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாள். தேய்க்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். நான் டீ வாங்கி வைத்தால் அது ஆறி ஆடை படிந்து கிடக்கும்.

ஆரணியில் மணி கெட்டுப்போவதற்கென்றே ஒரு தனிக் காரணம் உண்டு. தறி இருக்கும் வீடுகளில் பட்டு நூல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். மாலை அறுந்தால் வீட்டுப் பெண்கள் தாங்களே கோத்துக்கொள்வார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மிச்சச் சரிகையையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். என்ன இருந்தாலும் சரிகை கம்பிதானே. நாளாக ஆக அது ரம்பம் மாதிரி முத்தின் வாயையும் பவழத்தின் வாயையும் அறுத்துவிடும். மணியின் துளையைத்தான் அவள் வாய் என்று சொல்வாள்.

"பொடவைக்குப் போடறத கொண்டாந்து மணி வாய்ல திணிக்கிறீங்களே, அது உங்கள இன்னா பண்ணிச்சு?" என்று திட்டிக்கொண்டே சரிகை நூலைக் கத்தரித்துக் கீழே போடுவாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அடுத்த மாலையையும் சரிகையில்தான் கோப்பார்கள்.

அவள் கோப்பது வெறும் பட்டில். வெள்ளை நூலை முறுக்கி, மணிக்கு மணி ஒரு முடிச்சுப் போட்டு, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் கோப்பாள். எல்லா முடிச்சும் வெள்ளை. ஒட்டின மணிக்குப் பக்கத்தில் இருக்கும் முடிச்சு மட்டும் பச்சை. கடுகை விடச் சின்னதுதான், ஆனால் வெள்ளைக்கு நடுவே பச்சை கண்ணில் படாமல் போகுமா?

"அந்தப் பச்சய மட்டும் எடுத்துட்டு குடேன்" என்று கேட்காதவர்கள் குறைவு.

"எடுத்துடலாம். அப்ப ஒடைஞ்ச மணிய அப்படியே எடுத்துகினு போங்க."

எனக்கே பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன். "வாயாலதான் சொல்லிட்டியே, அப்புறம் முடிச்சு எதுக்கு?"

"வாங்கிகினு போறவங்க காதுல சொல்லிட்டேன். நாளைக்கி இது யாரு கழுத்துக்குப் போவும்னு எனக்கு இன்னா தெரியும்? அவங்களுக்கு யாரு சொல்றது?"

அவளுடைய இடது காது, தோடு போடும் இடத்தில், கீழ்வரை இரண்டாகக் கிழிந்திருந்தது. கிழிசலுக்கு மேலே புதிதாக ஒரு துளை குத்தி அதில் ஒற்றைப் பவழம் மாட்டியிருந்தாள். மற்றவர்களாக இருந்தால் முடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு மறைத்துக்கொள்வார்கள். இவள் கொண்டையைத் தூக்கி முடிந்து, காது நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "புருஷன் புடிச்சி இழுத்தான். கிழிஞ்சிச்சு. வந்துட்டேன்." கீரைக்காரம்மா கேட்டாலும் இதுதான், பேங்கில் கேட்டாலும் இதுதான். கேட்டவர்கள்தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள்.

"வூட்டுக்காரர் வெளியூர்ல வேல செய்யறார்னு சொன்னா கொறஞ்சா பூடுவ? தாலி மணி குடுக்க வர்றவங்க யோசிப்பாங்கம்மா" என்றேன்.

"யோசிக்கட்டும். நல்லா யோசிச்சிட்டு வரட்டும்."

"காதையாவது ஆஸ்பத்திரில காட்டி தெச்சிக்கோ. சின்ன வேலதான்."

"மணிய ஒட்டச் சொல்லி அதுக்கு சொந்தக்காரங்க கேக்கறாங்க, ஒட்டறேன். இந்தக் காதுக்கு சொந்தக்காரி நான். நான் கேக்கலியே."

 நான் போய் மிஷினை மிதித்தேன்.

அவள் செய்தது எல்லாவற்றையும் நான் மெச்சினேன் என்று நினைக்க வேண்டாம். பட்டுப் புடவைக்குப் பொருத்தமாகக் கல்மணி மாலை, தோடு, வளையல் என்று செட் செட்டாகக் கையால் செய்து, போனில் படம் போட்டு விற்கிற ஒருவர் இருந்தார். அவருக்கு வரும் மணிகளில் உடைசல் அதிகம். பொட்டலம் பொட்டலமாக இவளிடம் அனுப்புவார். இவள் ஒட்டி, கோத்து, பச்சை முடிச்சோடு திருப்பிக் கொடுப்பாள். அந்த மனிதர் வாயே திறக்காமல் வாங்கிப் போவார். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். பந்தியில் எதிரே ஒரு பெண், கழுத்தில் சிவப்புக்கல் மாலை. புதுசு போட்ட பூரிப்பில் நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்த மாலையையே பார்த்தாள். நான் இவள் காலை மிதித்தேன். பயன் இல்லை.

"இது புதுசுன்னு சொல்லிக் குடுத்தாங்களாம்மா?" என்றாள்.

"ஆமாங்க. நல்லா கீதா?"

"நல்லா கீது. ஆனா நடுவுல பெருசா இருக்குது பாரு, அது ஒடைஞ்சது. நான்தான் ஒட்டினேன். பக்கத்துல பச்ச முடிச்சு போட்டிருந்தேன், அத அறுத்துட்டு வேற நூல்ல கோத்து வித்திருக்காங்க. கெட்டியாத்தான் ஒட்டியிருக்கேன், தைரியமா போட்டுக்கோ. புதுசு மட்டும் இல்ல."

அப்போதுதான் பாயசம் வந்தது. அந்தப் பெண் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து இலையை மடித்துவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. வெளியே வந்ததும் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன்.

"அது பாட்டுக்கு சந்தோஷமா இருந்துச்சு. உனக்கு இன்னா கெட்டுப்போச்சு?"

"ஏமாந்து போயி சந்தோஷமா இருந்துச்சு."

"இருந்துட்டுப் போவட்டுமே!"

"நீ தைக்கற ரவிக்கைல நான் கிழிஞ்ச துணிய வெச்சி தெச்சி குடுத்தா சும்மா இருப்பியா?"

அது வேறு இது வேறு என்று கத்தினேன். எப்படி வேறு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. செட்டு விற்கிறவர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார். பாதி வேலை போயிற்று. அவள் கை சும்மா இருப்பதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் தன்னுடைய டிபன் டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட ஆளோடு பக்கத்தில் இருப்பது பேஜார். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இனிமேல் அவளோடு கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவு கட்டினேன்.

இப்போது அந்தச் சந்தே இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டார்கள், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அவள் வேலூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. பக்கத்து ஊர் சேவூர்க்காரர்கள் சேர்ந்து அவளை விரட்டிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். சுத்தப் பொய். சேவூரிலிருந்து பல மாதம் ஒரு மணி கூட வரவில்லை என்பது உண்மை. ஆனால் அவள் ஒருநாள் கூடக் கடையைச் சாத்தவில்லை. கட்டடத்தை இடிக்க ஆள் வந்து நிற்கும் வரை அங்கேயேதான் இருந்தாள்.

சேவூர்க்காரர்களுக்கு வந்த கோபத்துக்குக் காரணம் ஒரு பவழம்.

சேவூரில் பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பத்து அம்மா ஒருவர் என் வாடிக்கை. அவர் மகனுக்குத் தேவிகாபுரத்தில் பெண் எடுத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அம்மா கூலி வேலைக்குப் போகிறவர்கள். கல்யாண ரவிக்கைக்கு நான்தான் அளவெடுத்தேன். அந்தப் பெண் கூச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதில் அளவே தப்பாகிப் போய், மறுபடி பிரித்துத் தைத்தேன். அந்தப் பெண்ணும் மாமியாரும் ஒருநாள் காலையில் சந்துக்குள் வந்தார்கள். மாமியார் கையில் ஒரு காகிதப் பொட்டலம். பெண்ணின் கையில் பெரிய துணிப்பை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மாமியார் என்னிடம் நின்று பேசாமல் நேரே பக்கத்துக் கடைக்குப் போனார்.

"நேத்து எங்கூட்ல தாலி பிரிச்சி கோத்தோம்" என்று ஆரம்பித்தார். கல்யாணத்தில் கட்டின மஞ்சள் கயிற்றிலிருந்து தாலியை எடுத்து, பவழமும் பொன்மணியும் சேர்த்துக் கோத்துப் போடுகிற சடங்கு அது. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருப்பார்கள். "ஒவ்வொரு மணியா இவ எடுத்துக் குடுத்தா, நான் கோத்துகினு வந்தேன். இந்தப் பவழம் இவ கைலயே ரெண்டா பூடுச்சி. எங்க வூட்டு மருமகளுங்க தலமொறையா போட்டுகினு வந்தது. வந்திருந்தவங்க மூஞ்சிய பாக்க முடியல. ஒட்டினது தெரியவே கூடாது. பச்ச கிச்ச எதுவும் வேணாம்."

"பொண்ணு ஏன் பையோட நிக்குது?"

"தேவிகாபுரம் பஸ் ஏத்தி வுடப்போறேன். ராசியில்லாத கை. கொஞ்ச நாளு அவங்கம்மா வூட்ல இருக்கட்டும். ஜோசியர் சொல்றப்ப கூப்ட்டுக்கலாம்."

"எப்ப சொல்வாரு?"

"சொல்றப்ப."

ஆடி மாதமாக இருந்தாலாவது புதுப்பெண் தாய்வீடு போகிறாள் என்று ஊர் சும்மா இருக்கும். அது ஆடியும் இல்லை. இப்படிப் பையோடு பஸ் ஏற்றப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தச் 'சொல்றப்ப' வரவே வராது. இது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. என் கடை வாசலில் நின்றவளிடம், உன் வீட்டுக்காரர் எங்கே என்று மெதுவாகக் கேட்டேன். "தறில வேல இருக்குன்னு போய்ட்டாருங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பவழத்தின் உடைந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஊசியை நெருப்பில் காட்டி அதில் வைத்தாள். மெல்லப் புகைந்தது. பிசின் எரிகிற மாதிரி ஒரு வாசனை என் பக்கம் வரை வந்தது.

"எம்மா, இது நேத்து ஒடைஞ்சது இல்ல" என்றாள். "உள்ள அரக்கு கீது. யாரோ முன்னயே ஒட்டி வெச்சிருக்காங்க. அரக்கு பழசாயி விட்டுப்போச்சு. அவ்ளோதான்."

மாமியார் சட்டென்று வெளியே வந்து மருமகளைப் பார்த்தார். "நீ போயி அந்த ஜூஸ் கட நெழல்ல நில்லு" என்றார். பெண் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்து முனையில் நின்றாள். மாமியார் திரும்ப உள்ளே போய்க் குரலைத் தாழ்த்தினார். நான் தட்டிப் பக்கம் நகர்ந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நான்தான் ஒட்டினேன். இந்த வூட்டுக்கு வந்த புதுசு. குளிக்கறப்ப கல்லுல பட்டு ஒடைஞ்சிச்சு. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சிருந்தா என்ன அன்னிக்கே எங்கம்மா வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. வளையக்காரர்கிட்ட அரக்கு வாங்கியாந்து யாருக்கும் தெரியாம ஒட்டினேன். பிடரிப் பக்கமா திருப்பிப் போட்டுகினே காலம் போச்சு. இத யார்கிட்டயும் சொல்லாத. எங்கூட்டுப் பேரே பூடும்."

"அப்ப அந்த பயம் உங்களுக்குத் தெரியுமில்ல?"

மாமியார் பொட்டலக் காகிதத்தைக் கசக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிகினே அந்தப் பொண்ண பஸ் ஏத்தறீங்களா?"

"அவ வயசு சின்னது, தாங்கிப்பா. எனக்கு இந்த வயசுல நாலு பேரு முன்னாடி நிக்க முடியாது."

"பேரு போனா போவுது. பொண்ணு ஏன் போவணும்?"

அதன் பிறகு மாமியாரின் குரல் மாறியது. புருஷனை விட்டு வந்தவளிடம் தாலி மணியைக் கொண்டுவந்ததே தப்பு என்றார். சேவூரில் ஒருத்தி கூட இனிமேல் இந்தப் படி ஏற மாட்டாள், பார்த்துக்கொள் என்றார். பவழத்தைக் கூட வாங்காமல் விறுவிறுவென்று வெளியே போய், மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அவள் இரண்டு துண்டுப் பவழத்தையும் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். நான் குறுக்கே நின்றேன்.

"வேணாம். செட்டுக்காரர் போனது பத்தாதா? தாலி மணியும் போச்சுன்னா இன்னா பண்ணுவ? இந்த ஒரு தடவ வாய மூடிகினு இரு."

"தள்ளு டெய்லரம்மா. பஸ் பூடும்."

தள்ளினேன். அளவு டேப் கழுத்தில் தொங்க, கடையைத் திறந்து போட்டபடி நானும் பின்னாலேயே ஓடினேன்.

தேவிகாபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பெண் ஏறிப் படிக்கட்டில் நின்றாள், பை காலடியில் இருந்தது. மாமியார் கீழே நின்று "உள்ள போ, உள்ள போயி உக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் போய்ப் படிக்கட்டுக்கு நேரே நின்றாள்.

"பாப்பா, இத கேட்டுட்டுப் போ."

"காது அறுந்த மூளி!" என்று மாமியார் கத்தினார். "கட்டினவன விட்டுட்டு ஓடியாந்தவ, குடும்பம் நடத்தறவங்களுக்கு புத்தி சொல்ல வந்துட்டா!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பூக்காரம்மா பூக் கட்டுவதை நிறுத்தினாள்.  இவள் பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தேன். கடையில் மாலையைத் திருப்பிக் கொடுக்கிற அதே குரலில்தான் பேசினாள்.

"ஆமாம். நான் புருஷன விட்டுட்டு வந்தவதான். நானா வந்தேன். உன்ன அனுப்பறாங்க பாப்பா. ரெண்டும் ஒண்ணு இல்ல."

பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"உள்பக்கம் கறுப்பா கீது பாரு. அது அரக்கு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இது ஒடைஞ்சி, ஒட்டி வெச்சிருக்காங்க. நேத்து உன் கைல விட்டது அரக்குதான். நீ எதையும் ஒடைக்கல."

அந்தப் பெண் குனிந்து பவழத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"யாரு அத்த ஒட்டினது?"

மாமியார் பஸ்ஸின் டயரைப் பார்த்தார், கூடி நின்றவர்களைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒட்டினது யார் என்று இவள் சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். இவள் வாயே திறக்கவில்லை. அந்தப் பதில் யாருடையதோ அவர்தான் சொல்ல வேண்டும் என்பது போல மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு அத்த?" என்று பெண் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை குரல் பெரிதாக வந்தது. என் கடையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற பெண்ணா இது என்றிருந்தது எனக்கு.

"எனக்கும் மாமியாருன்னு ஒருத்தி இருந்தா" என்றார் அந்த அம்மா. தலைப்புக்குள்ளிருந்துதான் வந்தது அது. ஆனால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, வழில நின்னுகினு? ஜல்தியா உள்ள போ. எந்த ஊரு போவணும் உனக்கு?"

பை படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. பெண் இரண்டு கையாலும் இழுத்து அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"எங்கயும் போவலீங்க" என்றாள். "எங்க வூடு சேவூருங்க."